உப்புக்காற்றில் ஒரு சீவாளி

நாயனத்தின் குழலான உலவு ஆச்சா மரத்தில் கடைந்தது. பழகப் பழக மெருகேறி, அப்பா வாசித்ததை மகன் வாசிக்கும்படி உழைக்கும். அதன் தலையில் கெண்டை என்ற பித்தளைக் குழலோடு பொருத்தும் சீவாளி அப்படியல்ல. அது ஆற்றங்கரை நாணலின் ஒரு துண்டு. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. இரண்டரை அடிக்கு மேல் நீண்ட பாரி நாயனம் பேசுவதும் ஊமையாவதும் அந்தத் துண்டின் கையில்தான் இருக்கிறது. நாயனத்துக்கு உறை தைக்கிறார்கள், பஞ்சு வைத்த பெட்டி செய்கிறார்கள். சீவாளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் கைக்கு அகப்பட்ட டப்பாவும் பாலிதீன் பையுமே. காவிரிப் படுகையில் இந்த அலட்சியம் அவ்வளவாகத் தெரியாது. மரக்காணம் போன்ற உப்பளக் கரைக்குச் சீவாளி வந்து சேரும்போது தெரிந்துவிடும்.

சீவாளிக்குப் பேர்போன ஊர்கள் திருவாவடுதுறையும் திருவிடைமருதூரும். நாயனம் கடையும் நரசிங்கம்பேட்டையும் அந்தச் சுற்று வட்டாரத்தில்தான் இருக்கிறது. அங்கே செய்யும் நாயனத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காவிரி, கொள்ளிடக் கரைகளில் வளரும் கொறுக்கைத் தட்டை என்ற நாணல்தான் சீவாளிக்கு மூலப்பொருள். அறுத்த தட்டையை நாள்பட உலரவிட்டு, வேகவைத்து, மறுபடி காயவைத்துப் பதமாக்குகிறார்கள். பிறகு அளவாக நறுக்கி, சீவி, இரண்டு இதழ்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும்படி நூலால் கட்டுகிறார்கள். சீவிச் செய்வதால் சீவாளி. நறுக்கு என்றும் சொல்வதுண்டு. ஊதும்போது அந்த இரண்டு இதழ்களும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மூடித் திறக்கின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள வாய் ஒரு மயிரிழை கூடினால் காற்று வீணாகும். குறைந்தால் ஒலி நெரியும்.

அந்த மயிரிழையைக் கூட்டுவதும் குறைப்பதும் ஈரம். நாணல், மரம், மூங்கில் எல்லாம் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப நீரை ஏற்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 45 சதவீதமாக இருக்கும் இடத்தில் நாள்பட வைத்த மரத்துண்டில் அதன் உலர் எடையில் 8 அல்லது 9 சதவீதம் நீர் இருக்கும். 75 சதவீதக் காற்றில் அது 14 சதவீதத்தை நெருங்கும். 90 சதவீதக் காற்றில் 20-ஐத் தொடும். நாணலின் கணக்கு இம்மி பிசகாமல் இதுவே என்று சொல்ல முடியாவிட்டாலும் போக்கு இதுதான். இப்படி நீர் ஏறும்போது நாணல் நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதில்லை. நாருக்குக் குறுக்கே மட்டும் பருக்கிறது. பளபளப்பான வெளித்தோல் ஒரு வேகத்திலும் பஞ்சு போன்ற உட்புறம் வேறொரு வேகத்திலும் பருப்பதால் இதழ் கோணுகிறது. மறுபடி காயும்போது பழைய வடிவத்துக்கு முழுதாகத் திரும்புவதும் இல்லை. வாசிப்பதற்கு முன் சீவாளியை வாயில் வைத்து ஊறவைப்பது இதழைப் பதத்துக்குக் கொண்டுவரத்தான். அந்த நனைவு அளவறிந்தது, சீரானது. பெட்டிக்குள் கேட்பாரற்று நடக்கும் நனைவும் காய்வும்தான் சீவாளியைக் கெடுக்கின்றன.

விழுப்புரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது மரக்காணம். ஒருபக்கம் வங்கக் கடல், மறுபக்கம் கழுவெளி என்ற உவர்நீர்ச் சதுப்பு, இடையில் உப்புப் பாத்திகள். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியானால் இசைக்கருவியைச் சுமந்துகொண்டு இந்தக் கரையில் பரிசில் தேடி நடந்தவர்களின் வரிசை மிகப் பழையது. பாணரின் யாழ் நரம்பும் இதே காற்றில்தான் தளர்ந்திருக்கும்.

இந்தக் கரையில் ஒரே நாளில் இரண்டு பருவம் உண்டு. சித்திரை, வைகாசியில் காலை முதல் நிலத்திலிருந்து வரும் காற்று வறண்டு அடிக்கும். பாத்தியில் உப்புப் பூப்பதற்கு அதைவிட நல்ல காற்று கிடையாது. பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் எல்லாம் பிசுபிசுக்கத் தொடங்கும். வைகாசி முகூர்த்தத்துக்கு வரும் நாயனக்காரரின் பையிலுள்ள சீவாளி பகலில் காய்ந்து, மாலையில் பருத்து, இரவு முழுவதும் ஈரத்தில் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை வந்து உப்பளம் வேலையற்றுக் கிடக்கும்போது காய்வதற்கே இடமில்லை. காற்றோடு பறந்து வரும் கடல்நீர்த் திவலை வேறு, கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலமாக எதன்மேலும் படிகிறது.

அந்த உப்பு சும்மா இருப்பதில்லை. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். பாத்தியில் உப்பை வாரிய பிறகு கசப்பு நீரை வடிக்காமல் விட்டால் உப்பு எப்போதும் நசநசத்துக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். மழைக்காலத்தில் சமையலறை ஜாடியில் கல்லுப்பு நீர்விடுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சீவாளியின் மேலும், அதைக் கட்டிய நூலின் மேலும், பித்தளைக் கெண்டையின் மேலும் இந்த உப்பு படிந்தால், காற்று ஓரளவு உலர்ந்திருக்கும்போதுகூட அந்த இடம் ஈரமாகவே இருக்கும். கெண்டையில் பச்சைக் களிம்பு ஏறும். நூல் முறுக்குத் தளரும்.

சீவாளியை எடுத்துச்செல்லும் வழிகளில் பழையது, உபரிச் சீவாளிகளை நூலில் கோத்து நாயனத்திலேயே தொங்கவிடுவது. அதே கொத்தில் ஓர் ஊசியும் தொங்கும். இதழிடையே சேரும் எச்சிலையும் தூசியையும் எடுத்துக் காற்றுவழியைத் திறப்பது அதன் வேலை. யானைத் தந்தத்திலும் கொம்பிலும் அந்த ஊசியைச் செய்த காலம் உண்டு. தந்த வணிகத்துக்குத் தடை வந்த பிறகு வேறு பொருள்களுக்கு மாறவேண்டியதாயிற்று. தொங்கவிடுவதைப் பார்ப்பவர்கள் அதை அணி என்று நினைப்பார்கள். உண்மையில் அது நல்ல யோசனை. நாலுபக்கமும் காற்றுப் படுவதால் வாசித்த ஈரம் தானே காயும், பூஞ்சை பிடிக்காது, மாற்றுச் சீவாளி வேண்டும்போது கையெட்டும் தூரத்தில் இருக்கும். குறையும் உண்டு. இதழ் நுனிக்குக் காப்பு இல்லை. கூட்டத்தில் ஒரு முழங்கை பட்டால் போதும். மரக்காணம் போன்ற ஊரில் உப்புக்காற்றும் தடையின்றிப் படும்.

அடுத்தது டப்பா. தகர டப்பா நுனியைக் காக்கும். ஆனால் வாசித்த கையோடு ஈரச் சீவாளியை உள்ளே போட்டு மூடினால் அந்த ஈரம் போக வழியில்லை. தகரம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். துருவின் கறை நாணலில் ஏறும். பிளாஸ்டிக் டப்பா துருப்பிடிக்காது, மற்றபடி அதே கதை.

இப்போது தூரத்து ஊர்களுக்குத் தபாலிலும் கூரியரிலும் பொருள் போகும் காலம். அங்கே பாலிதீன் பைதான் எளிது, மலிவு. பொதிவது பற்றிய கவலைகளில் பெரியது இங்கேதான் இருக்கிறது. மூடிய பை ஈரத்தை வெளியே நிறுத்தும் என்பது பொதுவான எண்ணம். அது ஈரத்தை உள்ளேயும் நிறுத்தும் என்பது மறந்துபோகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அதில் இருப்பது 24 கிராம். அதே காற்று இரவில் 25 டிகிரிக்கு இறங்கினால் 23 கிராமுக்கு மேல் தாங்காது. மிச்சம் பனித்துளியாகப் பையின் உட்புறத்தில் படியும். சிறு பைக்குள் இருக்கும் காற்று கொஞ்சம்தான், துளியும் கொஞ்சம்தான். ஆனால் மழைநாளில் பொதிந்த நாணலே ஈரம் தாங்கியிருந்தால், பேருந்தின் மேல்தட்டில் வெயில் பட்டுச் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி, ஆறும்போது இதழ்மேலேயே திரும்ப இறங்கும். கடலூர், புதுச்சேரி வழியாக மரக்காணம் வந்து சேர்வதற்குள் இது ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடக்கலாம். பை பிரியாமல் வந்தது என்பதால் சீவாளி நன்றாக வந்தது என்று ஆகிவிடாது.

மேல்நாட்டு ஊதுகருவிகளில் ஒலி எழுப்பும் நாணல் இதழ்களான ரீடுகளுக்கும் இதே தொல்லை இருந்தது. அங்கே அதற்கு வணிக அளவில் விடை தேடினார்கள். கிளாரினெட், சாக்ஸஃபோன் ரீடுகள் அருண்டோ டோனக்ஸ் என்ற பெருநாணலில் செய்தவை; தென் பிரான்சின் வார் பகுதி அந்த நாணலுக்குப் பேர்போனது. தமிழ்நாட்டுக்கும் இவை அந்நியமல்ல. ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டிலும் கத்ரி கோபால்நாத் சாக்ஸஃபோனிலும் கர்நாடக இசையை வாசித்துக் காட்டியவர்கள். கல்யாண பேண்டு செட்டுகளிலும் இரண்டும் உண்டு. ரீடு அட்டைப்பெட்டியில் வந்தபோது, ஆலையில் ஒரு கடினத்தில் தேர்ந்து எண் குறித்தது, வேறொரு நாட்டின் காற்றில் வேறொரு கடினத்தில் பேசியது. 1905-இல் பாரிசில் தொடங்கிய வண்டோரன் நிறுவனம், ஒவ்வொரு ரீடையும் தனித்தனியாகக் காற்றுப்புகா உறையில் அடைத்து விற்கத் தொடங்கியது. ஈரப்பதம் 45-க்கும் 70-க்கும் இடைப்பட்ட ஆலைக் காற்றையே வாங்குபவர் வீடுவரை உறைக்குள் கொண்டுசேர்ப்பது நோக்கம்.

பலன் இருந்தது, முணுமுணுப்பும் எழுந்தது. பத்து ரீடு கொண்ட ஒரு பெட்டியைப் பிரித்தால் வெளித்தாள், அட்டை, பத்து உறை, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிளாஸ்டிக் காப்பு என்று குப்பை குவிகிறது. வாசிக்கும் பொருளைவிட எறியும் பொருள் அதிகம். உறையைக் கிழித்த மறுநொடியே ரீடு அந்த ஊர்க் காற்றுக்கு உட்பட்டுவிடுகிறது. ஆலைக் காற்று காப்பது முதல் நாள் வரைதான். ஆகவே திறந்த பிறகு வைத்துக்கொள்ள இன்னொரு பொதி தேவைப்பட்டது. டடாரியோ நிறுவனம் ரீடு பெட்டியில் போட்டுவைக்க 58, 73, 84 சதவீதம் என்று மூன்று அளவுகளில் சிறு பொட்டலங்களை விற்கிறது. பெட்டிக்குள் ஈரம் கூடினால் பொட்டலம் உறிஞ்சும், குறைந்தால் விடும்.

மரக்காணத்துக்காரர் இங்கே சிரித்துக்கொள்ள இடமிருக்கிறது. மூடிய இடத்தில் ஈரப்பதத்தை ஒரே அளவில் நிறுத்துவதற்கு ஆய்வகங்கள் பயன்படுத்தும் மிகப் பழைய முறை, கரையாத உப்பு அடியில் தங்கும்படி கலக்கிய உப்புக் கரைசல்தான். சோடியம் குளோரைடு அப்படி இருந்தால் மேலுள்ள காற்று 75 சதவீதத்தில் நிற்கும். பொட்டாசியம் குளோரைடு என்றால் 84. சோடியம் புரோமைடு என்றால் 58-ஐ ஒட்டி. காற்று 75-ஐத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரைகிறது. அதற்குக் கீழே போனால் கரைசல் நீரை விட்டு உப்பாகப் படிகிறது. பாத்தியில் பகலில் நடப்பதும் இரவில் நடப்பதும் ஒரு தீப்பெட்டி அளவில் நடக்கிறது, அவ்வளவுதான். சீவாளியைக் கெடுக்கும் உப்பே, சீவாளியைத் தொடாமல் பக்கத்தில் இருந்தால், அதைக் காக்கும் தராசும் ஆகிறது.

இதில் இரண்டு எச்சரிக்கை உண்டு. பாத்தியிலிருந்து நேராக வாரிய உப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அளவு 75-இல் நிற்காது, தாழும். சுத்திகரித்த தூள் உப்பே இதற்கு ஏற்றது. இரண்டாவது, 75 என்பது பூஞ்சைக்கு மிக அருகிலுள்ள அளவு. நாணலில் பூஞ்சை பிடிக்க 75-ஐ ஒட்டிய ஈரமே போதும். நாள்பட வைப்பதற்கு 60-ஐ ஒட்டி இருப்பது நல்லது. அதனால் சாதாரண உப்பு, பெட்டியில் வைப்பதைவிட, பெட்டியைச் சோதிப்பதற்கே கூடுதலாக உதவும். ஒரு பாட்டில் மூடியில் உப்பை வைத்து, ஈர மணல் போல் ஆகும் அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, சிறிய ஈரமானியோடு மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்தால் முள் 75-ஐக் காட்டவேண்டும். காட்டவில்லை என்றால் ஈரமானி தவறு, அல்லது டப்பாவின் மூடி காற்றை விடுகிறது.

ஈரத்துக்கு அஞ்சிச் சிலர் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைச் சீவாளி டப்பாவில் போடுவதுண்டு. புதுச் செருப்புப் பெட்டியில் கிடைத்தது வீணாகாமல் இருக்கட்டும் என்ற எண்ணம். புதிய பொட்டலம் சிறிய டப்பாவின் ஈரத்தை 40-க்கும் கீழே இழுத்துவிடும். இதழ் முறுகிப் பிளக்கும். பழைய பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்து நிறைந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை. இரண்டில் எது நடக்கிறது என்று பார்த்தால் தெரியாது என்பதுதான் தொல்லை.

பூஞ்சை சீவாளியோடு நிற்பதில்லை. ஊதுபவர் மூச்சை உள்ளிழுக்கும்போது கருவிக்குள் இருப்பதும் கொஞ்சம் உள்ளே போகிறது. 2016-இல் 'தோராக்ஸ்' என்ற மருத்துவ இதழ் பிரிட்டனைச் சேர்ந்த 61 வயது பேக்பைப் கலைஞர் ஒருவரின் நோய்க் கதையை வெளியிட்டது. அவர் நாள்தோறும் வாசித்தவர். நுரையீரல் அழற்சியால் பல ஆண்டு மூச்சுத் திணறியவர். மூன்று மாதம் கருவியை வீட்டில் விட்டு ஆஸ்திரேலியா போயிருந்தபோது மட்டும் தேறினார். பிறகுதான் கருவியைச் சோதித்தார்கள். பையிலும் ரீடின் காப்பிலும் பலவகைப் பூஞ்சைகள் இருந்தன. அவர் பிழைக்கவில்லை. பேக்பைப்பின் மூடிய தோல்பை போல நாயனத்தில் ஒன்றுமில்லை, உலவு திறந்த குழல். ஆபத்தும் அந்த அளவு இல்லை. ஈரச் சீவாளியை அடைத்துவைக்கும் டப்பாவோ, சிறிய அளவில், அதே தோல்பைதான். ஒருவர் வாயில் வைத்துப் பார்த்த சீவாளியைத் திரும்பக் கொத்தில் சேர்த்து இன்னொருவருக்கு விற்பதும் இதே கணக்கில் சேரும். தேர்ந்தெடுக்க ஊதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதால் இந்த வழக்கம் எளிதில் போகாது. வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகே பொதிவது குறைந்தபட்சத் தீர்வு.

பொதியின் மேல் என்ன எழுதுவது என்பதும் பேசவேண்டிய விஷயம். முன்கூட்டியே பொதிந்து விற்கும் பொருளின் மேல் செய்தவர் பெயர், முகவரி, எண்ணிக்கை, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை இருக்கவேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள். கையால் செய்து கையில் கொடுக்கும் சீவாளிக்கு இந்தத் தேவை எழவில்லை. வாங்குபவர் செய்தவரின் திண்ணையில் உட்கார்ந்து ஊதிப் பார்த்து எடுத்தார். கூரியரில் வரும் சீவாளிக்கு அந்தத் திண்ணை கிடையாது. அப்போது விலையைவிட முக்கியமானவை மூன்று: எந்தச் சுருதிக்கு, எந்த நாயனத்துக்கு, எப்போது கட்டியது. குட்டையான திமிரிக்குச் சுருதி உயரம். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி, டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காகச் செய்து வழக்கில் கொண்டுவந்த நீண்ட பாரிக்குச் சுருதி தாழ்வு. ஒன்றின் சீவாளி மற்றொன்றில் ஏறாது. சுருதி இத்தனை கட்டை என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிப் போட்டாலே பாதிச் சிக்கல் தீரும். கட்டிய மாதம் தெரிந்தால், நாணல் மழையில் பொதிந்ததா வெயிலில் பொதிந்ததா என்று வாங்குபவரே ஊகித்துக்கொள்வார்.

பிளாஸ்டிக்கை விட்டுவிட்டால் வேறு எதில் பொதிவது? தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. தடையின் நுணுக்கம் எப்படியிருந்தாலும் சீவாளிக்கு அந்தப் பை பொருத்தமில்லை என்பதே போதுமான காரணம். விழுப்புரம் மாவட்டத்தில் பனைக்குக் குறைவில்லை. பனையோலைப் பெட்டியும் இரண்டு கணுவுக்கு இடையே அறுத்த மூங்கில் குழலும் நாணலைப் போலவே ஈரம் வாங்கி விடுபவை. வெளிக்காற்று திடீரென்று மாறும்போது முதல் அடியைத் தாங்கள் வாங்கிக்கொண்டு உள்ளே மெதுவாக அனுப்பும். காற்றை முழுக்க அடைப்பதுமில்லை, முழுக்க விடுவதுமில்லை. கடற்கரையில் அதற்குள் பருத்தித் துணிச் சுற்று ஒன்றும் வேண்டும். உப்பு துணியில் தங்கும்; துணியை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். குழலுக்குள் ஒரு குச்சி நட்டு, அதில் சீவாளியின் கெண்டைப்பக்கத் துளையைச் செருகிவிட்டால் இதழ் நுனி எதையும் தொடாமல் நிற்கும். மேல்நாட்டு ஓபோ ரீடுகளின் பெட்டியும் இதே யோசனையில் அமைந்ததுதான்.

வாசித்து முடித்த சீவாளியை நல்ல தண்ணீரில் அலசி, ஊசியால் இதழிடையைத் திறந்து, நிழலில் ஒரு மணி நேரமாவது விட்ட பிறகே குழலில் வைக்கவேண்டும். மரக்காணத்தில் அந்த நிழல் கடலுக்கு எதிர்ப்பக்கத்துத் திண்ணையாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாசிக்காத நாளிலும் குழலைப் பகலில் ஒருமுறை திறந்து, கடற்காற்று ஏறுவதற்கு முன் மூடிவிடுவது நல்லது.